27,575 டாலர்: ஒரு பட்ஜெட் எண்ணின் வரலாறு

ஒரு திரைப்படத்தின் வரவு செலவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்கின்றனர்: படத்தை எடுக்க ஆன செலவு ஒன்று, திரையரங்குகளில் அது ஈட்டிய வசூல் மற்றொன்று. அமெரிக்காவில் 1980களின் நடுவிலிருந்து 1990களின் நடுவரை வெளிவந்த குறைந்த செலவு நகைச்சுவைப் படங்களைப் பொறுத்தவரை, இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தொலைவே அப்படங்களின் புகழுக்குப் பெரிய காரணமாயிற்று. கெவின் ஸ்மித் எழுதி இயக்கி 1994இல் வெளியான 'கிளர்க்ஸ்' அவற்றுள் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது. அதன் படப்பிடிப்புச் செலவு 27,575 டாலர். அமெரிக்கத் திரையரங்குகளில் அதன் வசூல் சுமார் 31.5 லட்சம் டாலர். முதல் எண்ணால் இரண்டாவதை வகுத்து, போட்ட பணம் 114 மடங்காகத் திரும்பியது என்று சொல்லிவிடலாம். பலரும் அப்படியே சொல்லியும் இருக்கின்றனர். ஆனால் இந்த இரண்டு எண்களும் இரு வேறு கணக்கேடுகளைச் சேர்ந்தவை. முதலாவது ஓர் இளைஞர் தம் கையிலிருந்தும் கடனிலிருந்தும் செலவழித்த தொகை. இரண்டாவது பார்வையாளர்கள் டிக்கெட் வாங்கக் கொடுத்த தொகை. இவற்றுக்கு இடைப்பட்ட பக்கங்களைப் படித்தால்தான், குறைந்த செலவுப் படம் என்ற தொழில் அக்காலத்தில் எவ்வாறு நடந்தது என்பது விளங்கும்.

முன்னோடிகள்

இங்கே சுயாதீனப் படம் என்பது, ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்களின் முதலீடு இல்லாமல், விநியோக உரிமையை வாங்க ஆள் கிடைப்பதற்கு முன்பே எடுத்து முடிக்கப்படும் படத்தைக் குறிக்கிறது. அத்தகைய படங்களில் நகைச்சுவைக்குத் தனி இடம் உண்டு. சண்டைக் காட்சிகளோ தந்திரக் காட்சிகளோ இல்லாமல், சமகால உடையில், தெரிந்தவர் வீட்டிலும் கடையிலும், பேச்சை மட்டுமே நம்பி ஒன்றரை மணி நேரத்தை நகர்த்த முடிகிற வகை அது. நட்சத்திர நடிகர் இல்லாத குறையைக் கூர்மையான வசனம் ஓரளவு ஈடுகட்டும். அதே வசனம் மொழி தாண்டியதும் வலுவிழந்துவிடுவதால், வெளிநாட்டு விற்பனையை நம்பி இத்தகைய படத்துக்குப் பணம் போட எவரும் எளிதில் முன்வருவதில்லை என்பது அதன் மறுபக்கம்.

இந்த மரபின் தொடக்கமாகப் பெரும்பாலும் சுட்டப்படும் ஜிம் ஜார்முஷின் 'ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்' 1984இல் வெளிவந்தது. ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் தம் படத்துக்கு வாங்கி மிஞ்சிய படச்சுருளைக் கொண்டு அதன் முதல் பகுதி எடுக்கப்பட்டது. முழுப் படமும் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலரில் முடிந்து, கான் விழாவில் சிறந்த முதற்படத்துக்கான தங்கக் கேமரா விருதையும் பெற்றது. ஸ்பைக் லீயின் 'ஷிஸ் காட்டா ஹேவ் இட்' 1985 கோடையில் 12 நாட்களில் எடுக்கப்பட்டது. 1,75,000 டாலர் செலவான அப்படம் மறு ஆண்டு வெளியாகி 70 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. வாய்ப்புத் தேடி அலையும் கறுப்பின நடிகர்களை ஹாலிவுட் எவ்வகை வேடங்களில் அடைக்கிறது என்பதைக் கேலி செய்த ராபர்ட் டவுன்சென்டின் 'ஹாலிவுட் ஷஃபிள்' 1987இல் வந்தது. அதற்கு ஆன ஒரு லட்சம் டாலரில் ஒரு பகுதி அவர் நடித்துச் சேர்த்த பணம். எஞ்சியது கடன் அட்டைகளில் இழுத்தது. வங்கி கடன் தராத இடத்தில் கடன் அட்டை நிறுவனம் அறியாமலே படத் தயாரிப்பாளராக மாறும் வழக்கம் இந்தப் படத்தோடு ஊரறிந்ததாயிற்று.

இந்தப் படங்கள் போய்ச்சேர ஓர் இடமும் அக்காலத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. யூட்டா மாநிலத்தில் 1978இல் தொடங்கிய திரைவிழா ஒன்றை 1980களின் நடுவில் ராபர்ட் ரெட்ஃபோர்டின் சண்டான்ஸ் நிறுவனம் ஏற்று நடத்தத் தொடங்கியது. 1989இல் அங்கே திரையிடப்பட்ட ஸ்டீவன் சோடர்பெர்கின் 'செக்ஸ், லைஸ் அண்ட் வீடியோடேப்', 12 லட்சம் டாலர் செலவில் உருவாகி, அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியபோது, விநியோகஸ்தர்கள் விழா நடந்த அந்தப் பனிக்கால மலையூருக்குப் பெட்டியோடு வரத் தொடங்கினர். வீடியோ கேசட் வாடகைக் கடைகள் ஊருக்கு ஊர் பெருகியிருந்த காலம் அது. திரையரங்கில் சுமாராக ஓடிய படமும் கேசட்டில் நெடுநாள் சம்பாதிக்கும் என்ற நம்பிக்கை, பெயர் தெரியாத இயக்குநர்களின் படங்களை வாங்கும் துணிச்சலை நிறுவனங்களுக்குத் தந்தது.

ரிச்சர்ட் லிங்க்லேட்டர் டெக்சஸின் ஆஸ்டின் நகரத் தெருக்களில் சுமார் 23,000 டாலரில் எடுத்த 'ஸ்லாக்கர்' 1991இல் திரையரங்குகளுக்கு வந்து 12 லட்சம் டாலர் அளவில் வசூலித்தது. நியூயார்க்கின் ஏஞ்சலிகா திரையரங்கில் தம் 21ஆம் பிறந்தநாளன்று அதைப் பார்த்த நியூஜெர்ஸி இளைஞரே கெவின் ஸ்மித். கதை என்று பெரிதாக எதுவும் இல்லாமல், ஓர் ஊரின் மனிதர்கள் பேசிக்கொண்டே திரிவது படமாகி, அதற்கு மக்கள் டிக்கெட் வாங்கவும் செய்கிறார்கள் என்பதே அவருக்குக் கிடைத்த பாடம். சுயாதீனப் படக்காரர்களுக்கான இதழொன்று 1990களின் தொடக்கத்தில் இத்தகைய படங்களின் செலவுப் பட்டியலை வரி வரியாக அச்சிட்டு வந்ததால், படச்சுருளுக்கு இவ்வளவு, பதனிடும் கூடத்துக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்ற விவரம் தொழிலுக்கு வெளியே இருந்தவர்களின் கைக்கும் எட்டியது.

பணம் வந்த வழிகள்

ஸ்மித் அப்போது நியூஜெர்ஸியின் லியனார்டோ என்ற சிற்றூரில் குவிக் ஸ்டாப் என்ற மளிகைக் கடையில் கல்லாவில் நின்றவர். திரைப்படக் கல்விக்காகக் கனடாவின் வான்கூவருக்குச் சென்று, சில மாதங்களிலேயே படிப்பை விட்டு ஊர் திரும்பினார். செலுத்தாமல் மிச்சமான கட்டணம் படத்துக்கு உதவியது. அங்கே பழக்கமான ஸ்காட் மோசியர் பின்னர் உடன் தயாரிப்பாளராகவும் படத்தொகுப்பில் துணையாகவும் வந்து சேர்ந்தார். ஸ்மித் சிறுவயதிலிருந்து சேர்த்த காமிக்ஸ் புத்தகங்களில் பெரும்பகுதி விற்கப்பட்டது. வெள்ளத்தில் பறிகொடுத்த காருக்குக் கிடைத்த காப்பீட்டுத் தொகையும் அதனோடு சேர்ந்தது. இவையெல்லாம் போக எஞ்சிய சுமையை, தலா 2,000 டாலர் அளவு வரம்புள்ள எட்டு முதல் பத்துக் கடன் அட்டைகள் தாங்கின.

இந்த நிதித் திரட்டலில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்டூடியோப் படத்தில் பட்ஜெட் என்பது படப்பிடிப்புக்கு முன்பே வரையறுக்கப்பட்டு, முதலீட்டாளரால் ஒப்புக்கொள்ளப்பட்ட திட்டம். இங்கோ அது கையில் புரட்டக்கூடிய பணத்தின் எல்லை. கதைக்கு என்ன வேண்டும் என்று கணக்கிட்டுப் பணம் தேடாமல், இருக்கும் பணத்துக்கு எந்தக் கதை அடங்கும் என்று பார்த்து எழுதுவதே இவ்வகைப் படங்களின் வழி. ஒரு மளிகைக் கடையிலும் அதை ஒட்டிய வீடியோ கடையிலும் ஒரே நாளில் நடந்து முடியும் கதையை, அதே கடையில் வேலை பார்த்தவர் எழுதியதற்குக் கலைக் காரணம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு காசுக் காரணமும் இருந்தது.

செலவு வகுத்த வடிவம்

படப்பிடிப்பு 1993இன் தொடக்க மாதங்களில் 21 இரவுகள் நடந்தது. கடையைப் பயன்படுத்த உரிமையாளர் இசைந்தாலும் வியாபாரத்தை நிறுத்த முடியாது. எனவே பகலில் ஸ்மித் கல்லாவில் நிற்பார். இரவு பத்தரைக்குக் கடை மூடியபின், மீண்டும் திறக்கும் விடியற்காலைக்குள் அன்றைய காட்சிகளை எடுத்து முடிப்பார்கள். கதை பகலில் நடப்பது. கண்ணாடி முகப்புக்கு வெளியே உண்மையில் இருந்ததோ இருட்டு. பகல்போல் ஒளியமைக்கத் தேவையான விளக்குகளுக்கு வாடகை கொடுக்க வழியில்லை. இதற்குக் கண்ட தீர்வு ஒரு வசனத்தில் அடங்கியது. பூட்டுகளில் யாரோ சூயிங் கம்மை அடைத்துவிட்டதால் இரும்பு ஷட்டர்களைத் தூக்க முடியவில்லை என்று கதையிலேயே எழுதிவிட்டார்கள். கடை திறந்திருக்கிறது என்று வாடிக்கையாளருக்கு உறுதி கூறும் வாசகத்தை ஷூ பாலிஷால் ஒரு துணியில் எழுதி நாயகன் வெளியே தொங்கவிடும் காட்சி, பின்னாளில் அப்படத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. விளக்கு வாடகையை மிச்சப்படுத்தப் பிறந்த காட்சி அது.

படம் 16 மி.மீ. கறுப்பு வெள்ளைச் சுருளில் எடுக்கப்பட்டதும் இத்தகைய கணக்கால்தான். நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் 16 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். திரையரங்குகளில் வழக்கமான 35 மி.மீ. சுருளோ 90 அடி ஓடும். ஆகவே ஒன்றரை மணி நேரப் படத்துக்கு, ஒரு காட்சியைக்கூட மறுமுறை எடுக்காமல் முடித்தால்கூட, முதல் வகையில் சுமார் 3,240 அடியும் இரண்டாம் வகையில் 8,000 அடிக்கு மேலும் தேவைப்படும். சுருளின் விலையும் பதனிடும் கட்டணமும் அடிக்கணக்கில் ஏறுவதால், அகலம் குறைந்த சுருளே ஏழை இயக்குநரின் முதல் சேமிப்பு. கடையின் குழல்விளக்கும் வெளியிலிருந்து கொண்டுவந்த விளக்கும் வண்ணச் சுருளில் வெவ்வேறு சாயம் காட்டும். அவற்றைச் சரிசெய்ய நேரமும் கருவியும் வேண்டும். கறுப்பு வெள்ளையில் அந்தத் தொல்லை இல்லை. கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி இருவர் நெடுநேரம் பேசுவதை வெட்டின்றி எடுப்பதும், எடுப்பதற்கு முன் பலமுறை ஒத்திகை பார்ப்பதும், சுருளை மிச்சப்படுத்தும் வழிகளாகத் தொடங்கிப் படத்தின் நடையாகவே நிலைத்தன. நடிகர்கள் பெரும்பாலும் நண்பர்களும் அந்தப் பகுதி நாடகக்குழுவினரும். வராதவருக்குப் பதிலாக வந்தவரே வேறு வேடமும் போட்டதால், ஒரே முகம் பல வாடிக்கையாளராகத் தோன்றுவதையும் படத்தில் காணலாம்.

எண்ணில் அடங்காதவை

27,575 என்ற தொகை உண்மையானது. ஆனால் அது எதற்கான செலவு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். படச்சுருள், பதனிடல், கருவி வாடகை, ஒலிப்பதிவு, முதல் பிரதி எனக் காசு கொடுத்தாலன்றிக் கிடைக்காதவையே அதில் பெரும்பாலும் அடங்கும். கடைக்கு வாடகை இல்லை. படத்தொகுப்பு பக்கத்து வீடியோ கடையிலேயே நடந்தது. நடிகர்க்கும் தொழில்நுட்பக் கலைஞர்க்கும் சந்தை விலையில் ஊதியம் இல்லை. படம் விற்றால் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒத்திவைப்பு இத்தகைய தயாரிப்புகளில் வழக்கமானது. உழைத்தவர்கள் தங்கள் கூலியை வட்டியில்லாக் கடனாகப் படத்துக்குக் கொடுத்தார்கள் என்பதே அதன் பொருள். எழுதியவர், இயக்கியவர், தொகுத்தவர், ஒரு வேடத்தில் நடித்தவர் எல்லாம் ஒருவரே என்னும்போது, அந்த நான்கு வேலைகளும் செலவுப் பக்கத்தில் சுழியமாகவே நிற்கும்.

இரண்டாவதாக, அத்தொகை திரைவிழாவில் போட்டுக் காட்டத்தக்க பிரதிவரை மட்டுமே எட்டியது. ஊர் ஊராகத் திரையரங்குகளில் ஓட வேண்டுமானால் 16 மி.மீ. மூலத்தை 35 மி.மீ. சுருளுக்குப் பெரிதாக்க வேண்டும். 'ப்ளோ-அப்' என்று தொழிலில் வழங்கும் வேலை அது. ஒலியைத் திரையரங்கத் தரத்துக்கு மறுபடி கலக்க வேண்டும். பாடல்களைப் பயன்படுத்த இசை நிறுவனங்களிடம் உரிமை பெற வேண்டும். 'கிளர்க்ஸ்' படத்தின் இத்தகைய பின்தயாரிப்புச் செலவு சுமார் 2,30,000 டாலர் என்று பதிவாகியிருக்கிறது. படப்பிடிப்புச் செலவைப்போல் எட்டு மடங்குக்கும் மேல். இசை உரிமைகளுக்கு ஆன தொகை மட்டுமே படத்தை எடுக்க ஆன தொகையைத் தாண்டியது. 7,000 டாலரில் எடுக்கப்பட்டது என்று புகழ்பெற்ற ராபர்ட் ரோட்ரிகஸின் 'எல் மரியாச்சி' படத்தையும், வெளியிடுவதற்குத் தயாராக்க கொலம்பியா நிறுவனம் லட்சக்கணக்கில் செலவழித்தது. சுவரொட்டியில் ஏறிய எண்கள் சிறியவை. மக்கள் பார்த்த பிரதியின் விலை வேறு.

விற்பனையும் வசூலும்

முடிந்த படம் 1993 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த சுயாதீனப் படச் சந்தையில், ஸ்மித் 'ஸ்லாக்கர்' பார்த்த அதே ஏஞ்சலிகா வளாகத்தில் திரையிடப்பட்டது. அரங்கு ஏறத்தாழ காலி. ஆனால் வந்திருந்த சிலருள், விழாக்களுக்குப் படம் தேர்ந்து சொல்லும் பாப் ஹாக் இருந்தார்; அவர் பலரிடம் சொல்லிய சொல்லே படத்தைச் சண்டான்ஸ்வரை கொண்டுசென்றது. தயாரிப்பாளர் பிரதிநிதி என்ற இடைநிலைத் தொழிலும் இங்கே நுழைகிறது. படத்தை எடுத்தவருக்கும் வாங்கும் நிறுவனத்துக்கும் நடுவே நின்று, யாருக்கு எப்போது காட்டுவது, எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்து, விற்பனையில் ஒரு பங்கு பெறுபவர் அவர். ஸ்பைக் லீ, லிங்க்லேட்டர் ஆகியோரின் மேற்சொன்ன படங்களோடும் தொடர்புடைய ஜான் பியர்சன் 'கிளர்க்ஸ்' படத்தின் பிரதிநிதியானார். நாயகனைக் கொள்ளைக்காரன் சுட்டுக் கொல்வதாக இருந்த முதல் முடிவு நீக்கப்பட்டது; 104 நிமிடப் படம் 92 நிமிடமாகச் சுருங்கியது. 1994 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் படம் விருது பெற்றது. மிராமாக்ஸ் நிறுவனம் அதைச் சுமார் 2,27,000 டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு கான் விழாவிலும் அதற்கு விருதுகள் கிடைத்தன.

வெளியீட்டுக்கு முன் ஒரு தடை நேர்ந்தது. காட்சிகளில் ஆபாசமோ வன்முறையோ இல்லாதபோதும், வசனத்தின் கொச்சைக்காக மட்டுமே தணிக்கைத் தரமிடும் அமைப்பு அப்படத்துக்கு 17 வயதுக்கு உட்பட்டோரை முற்றாக விலக்கும் முத்திரையைத் தந்தது. இது வெறும் மானப் பிரச்சினையன்று. அக்காலத்தில் அந்த முத்திரையுள்ள படத்தின் விளம்பரத்தை ஏற்கப் பல நாளிதழ்கள் மறுக்கும். பல திரையரங்குகள் இடம் தரா. பெரிய கேசட் கடைகள் அடுக்கில் வைக்கா. புகழ்பெற்ற வழக்கறிஞர் ஆலன் டெர்ஷோவிட்ஸை அமர்த்தி மிராமாக்ஸ் மேல்முறையீடு செய்ய, ஒரு சொல்லும் வெட்டப்படாமல், பெரியவர் துணையோடு சிறுவரும் பார்க்கலாம் என்ற முத்திரை கிடைத்தது. அந்தச் சர்ச்சை, காசு கொடுத்தும் கிடைக்காத விளம்பரமாகவும் அமைந்தது.

1994 அக்டோபரில் மிகச் சில அரங்குகளில் தொடங்கிய படம், ஒரு நகரில் பேச்சு பரவியபின் அடுத்த நகருக்கு நகர்ந்து, மெல்ல மெல்ல 31.5 லட்சம் டாலரை எட்டியது. இப்போது அந்தத் தொகையைப் பிரித்துப் பார்க்கலாம். வசூல் என்பது டிக்கெட் விற்ற மொத்தம். அதில் ஏறத்தாழ பாதி திரையரங்கோடு நின்றுவிடும் என்பது பொதுவான நடைமுறை. அப்படிக் கொண்டால் விநியோகஸ்தர் கைக்கு வருவது 15 அல்லது 16 லட்சம். அதிலிருந்து அவர் தம் கட்டணத்தை எடுப்பார். ஒவ்வோர் அரங்குக்கும் அனுப்பிய பிரதிகளின் விலை, நாளிதழ் விளம்பரம், சுவரொட்டி, முன்னோட்டம் ஆகியவற்றைக் கழிப்பார். படத்தை வாங்கிய தொகையையும் வெளியிடத் தக்கதாக்கிய செலவையும் கழிப்பார். இவையெல்லாம் போக மிஞ்சுவதில்தான் படைத்தவருக்குப் பங்கு என்று ஒப்பந்தம் எழுதப்படுவது வழக்கம். எனவே ஸ்மித்தின் 27,575 டாலருக்கு எதிரே வைக்க வேண்டிய வரவு 31.5 லட்சம் அல்ல, விற்பனைத் தொகையான 2,27,000. அப்படிப் பார்த்தால் மடங்கு 114இலிருந்து 8ஆக இறங்குகிறது. அந்த எட்டிலும் பிரதிநிதியின் பங்கும் ஒத்திவைத்த ஊதியங்களும் அட்டைகளின் கடனும் அடக்கம்.

எண்ணுக்குப் பின் வந்த காலம்

விநியோகஸ்தருக்கு அந்தச் சிறிய எண் வேறு வகையில் பயன்பட்டது. நட்சத்திரம் இல்லாத படத்துக்குச் செய்தியாளர் எழுத ஏதேனும் வேண்டும். மளிகைக் கடைப் பையன் காமிக்ஸை விற்றுப் படம் எடுத்த கதை அந்த இடத்தை நிரப்பியது. எட்வர்ட் பர்ன்ஸ் பெற்றோரின் வீட்டையே களமாக்கி எடுத்த 'தி பிரதர்ஸ் மெக்மல்லன்' 1995இல் சண்டான்ஸின் தலைமை விருதைப் பெற்று ஒரு கோடி டாலருக்கு மேல் வசூலித்தபோதும், 25,000 டாலரை ஒட்டிய அதன் செலவே தலைப்புச் செய்தி. ஆனால் இந்தச் செய்திகளே சந்தையின் விலையை ஏற்றிவிட்டன. இரண்டு லட்சம் டாலரை ஒட்டிய செலவில் உருவான 'ஸ்விங்கர்ஸ்' நகைச்சுவைப் படத்தை 1996இல் மிராமாக்ஸ் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அமெரிக்கத் திரையரங்க வசூலோ அந்த விலையையும் எட்டவில்லை. எடுத்தவருக்கு வெற்றி, வாங்கியவருக்குக் கேசட் விற்பனையை எதிர்நோக்கும் நிலை என்று ஒரே படம் இரு கணக்கில் இரு முடிவு காட்டியது.

ஸ்மித்தின் அடுத்த படங்களும் இதையே வேறு விதமாக உணர்த்தின. ஸ்டூடியோப் பணத்தில் சுமார் 60 லட்சம் டாலருக்கு எடுத்த 'மால்ராட்ஸ்' 1995இல் 21 லட்சம் அளவே வசூலித்துத் தோல்வியாயிற்று. முதற்படத்தைவிடப் பத்து லட்சம் குறைவு என்பதைக் காட்டிலும், செலவு இருநூறு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது என்பதே அதன் சுமை. மீண்டும் 2,50,000 டாலருக்கு இறங்கி அவர் எடுத்த 'சேசிங் ஏமி' 1997இல் 1 கோடியே 20 லட்சம் டாலர் ஈட்டியது. ஐடஹோவின் பிரெஸ்டன் என்ற ஊரில் 4 லட்சம் டாலரில் உருவாகி 2004இல் வெளிவந்த, நாயகனுக்கு முதலில் ஆயிரம் டாலரே ஊதியமாகக் கொடுத்த 'நெப்போலியன் டைனமைட்', அமெரிக்காவில் மட்டும் 4 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியது. அதற்குள் டிஜிட்டல் கேமராக்கள் வந்து, அடிக்கணக்கில் காசு கரையும் சுருளின் ஆட்சி முடியத் தொடங்கியிருந்தது. படம் எடுக்கும் செலவு குறைந்தது. எடுத்ததை மக்கள் கண்ணில் படவைக்கும் செலவு குறையவில்லை.

'கிளர்க்ஸ்' 2019இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதைப் பற்றிப் பேசுவோர் இன்றும் 27,575 என்ற எண்ணைப் பிசகாமல் சொல்கின்றனர். கடைசியில் நிற்கும் அந்த 575 இல்லாமல் 30,000 என்று முழுமையாகச் சொல்லப்பட்டிருந்தால், விளம்பரத்துக்காகச் சொன்ன தோராயம் என்று தோன்றியிருக்கும். சில்லறையோடு நிற்பதால் அது கல்லாவை எண்ணி நாள்முடிவில் எழுதிய கடைக்கணக்கின் நம்பகத்தைப் பெற்றுவிட்டது. கல்லாவில் நின்றவருக்குச் செலவும் வரவும் ஒரே ஏட்டின் எதிரெதிர்ப் பக்கங்கள். அவர் எடுத்த படத்துக்கோ செலவுப் பக்கம் அவரிடமும் வரவுப் பக்கம் விநியோகஸ்தரிடமும் இருந்தன. 114 என்ற மடங்கு, இரண்டு ஏடுகளிலிருந்து ஒவ்வொரு பக்கத்தைக் கிழித்து ஒட்டியதால் பிறந்த எண்.